வேப்பம்பூ காய்ந்த தேதி

அன்புள்ள ஐயா,

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு தொடங்கியபோது பொழுது போகாமல் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். வீட்டில் நடந்ததும், மாடியிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் பார்த்த மரம், பறவை, பூச்சியும் அதில் கலந்து கிடக்கும். ஆகஸ்ட்டில் நின்றுபோனது. 2021 மே மாதம் மாமனாருக்குக் கொரோனா வந்தபோது மறுபடி சில வாரங்கள் எழுதினேன். அப்புறம் இல்லை. இப்போது தோழிகள் புத்தகமாகப் போடச் சொல்கிறார்கள். வீட்டுக் கதையை யார் படிப்பார்கள்? அதை நீக்கிவிட்டு இயற்கைக் குறிப்புகளை மட்டும் தொகுக்கலாமா? ‘மனிதன் அடங்கினான், இயற்கை மூச்சுவிட்டது’ என்று தொடங்கி ஒரு முன்னுரையும் எழுதிவிட்டேன். பறவைகளின் பெயர்கள் பாதி எனக்குத் தெரியாது. சில பக்கங்களைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். எந்தப் பதிப்பகத்தை அணுகலாம் என்றும் சொல்லுங்கள்.

ஒரு வாசகி, தாம்பரம்

அன்புள்ள சகோதரிக்கு,

பதிப்பகம் பற்றிப் பிறகு பார்க்கலாம். பறவைப் பெயர்களும் பெரிய விஷயம் இல்லை. ‘மஞ்சள் வயிறு, வளைந்த மூக்கு, கட்டைவிரல் அளவு’ என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தாலே தேன்சிட்டு என்று தெரிகிறது. பெயரைப் பின்னால் எவரும் சேர்த்துக்கொள்ளலாம். பார்க்காததைச் சேர்க்க முடியாது.

என்னை உட்காரவைத்து எழுதச் செய்தது உங்கள் பென்சில். அனுப்பிய பக்கங்களில் எதை நீக்கப் போகிறீர்களோ அதன்மேல் கோடு போட்டிருக்கிறீர்கள். இதோ ஒரு பக்கம்: “ஏப்ரல் 3. காலையில் பின்பக்க வேம்பின் கீழே பழைய வேட்டியை விரித்துப் பூ சேர்த்தேன். மாடியில் காயவைத்தாயிற்று. பால்காரர் வரவில்லை. தயிர் இல்லை. இந்த வருஷம் மோர்மிளகாய் கிடையாது. அத்தை முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்.” பால்காரர் தொடங்கி அத்தை வரைக்கும் கோடு. மிஞ்சுவது வேப்பம்பூ மட்டும். அம்மா, அந்தப் பூவை நீங்கள் இயற்கையை ஆராயவா பொறுக்கினீர்கள்? சித்திரை முதல் நாள் பச்சடிக்கும், வருஷம் முழுக்க ரசத்துக்கும் பொறுக்கினீர்கள். சமையலறைதான் உங்களை மரத்தடிக்கு அனுப்பியது. அதை வெட்டிவிட்டால் அந்த வரி எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் போய்விடும்.

ஜப்பானில் கியோட்டோ நகரத்தின் செர்ரி மரங்கள் எந்தெந்த ஆண்டு எப்போது முழுதாகப் பூத்தன என்பதற்கு ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து கணக்கு இருக்கிறது. இடையிடையே விட்டுப்போன ஆண்டுகள் உண்டு. ஆனாலும் இவ்வளவு நீண்ட பூக்கணக்கு உலகத்தில் அபூர்வம். யாசுயுகி அவோனோ என்ற ஆய்வாளர் அதைப் பொறுமையாகத் திரட்டினார். எதிலிருந்து? அரசவைப் பிரபுக்களும் துறவிகளும் எழுதிவைத்த நாட்குறிப்புகளிலிருந்து. அவர்கள் தாவரவியல் எழுதவில்லை. இன்று பூ பார்க்கப் போனோம், விருந்து நடந்தது, இன்னார் வந்தார் என்று அன்றாடத்தை எழுதினார்கள். அந்த விருந்துகளின் தேதிகளை வைத்துத்தான், 2021 மார்ச் 26இல் வந்த முழுப்பூப்பு அதுவரையிலான சுமார் 1200 ஆண்டுக் கணக்கிலேயே மிக முந்தியது என்று சொல்ல முடிந்தது. பூமி சூடாவதற்கு இன்று எடுத்துக்காட்டப்படும் சான்றுகளில் அது ஒன்று. விருந்துக் கதையை யார் படிப்பார்கள் என்று அந்தப் பிரபுக்களும் பென்சிலை எடுத்திருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தென்காசிப் பக்கம் என் பெரியம்மா ஒரு பால் கணக்கு நோட்டு வைத்திருந்தார். நீளவாக்கு நோட்டு, மூலையில் சணல் கோத்து ஆணியில் தொங்கும். யாருக்கு எத்தனை உழக்கு, யார் பாக்கி என்பதுதான் கணக்கு. ஓரத்தில் இடம் இருந்தால் வேறு ஏதாவது எழுதுவார். “வைகாசி 24. சாரல். வடகத்தை உள்ளே எடுத்தாச்சு.” “கிணற்றில் ஏழாம் படி தெரிகிறது.” “கல்யாணி ஈன்றது. கிடேரி.” அதிகம் படித்தவர் இல்லை. ஆனால் அந்த ஊரில் தென்மேற்குப் பருவக்காற்று எந்த வருஷம் எந்த நாளில் மலையைத் தாண்டி வந்தது, கோடையில் நிலத்தடி நீர் எவ்வளவு இறங்கியது என்பதெல்லாம் அந்த ஓரங்களில் இருந்தது. ஏழாம் படி என்பது எவ்வளவு திட்டமான அளவு! குடத்தோடு தினமும் இறங்குகிறவருக்கு மட்டுமே வாய்க்கும் அளவு அது. பெரியம்மா காலமான பிறகு வீட்டை ஒழித்தவர்கள் அத்தனை நோட்டுகளையும் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிட்டார்கள். வெறும் பால் கணக்குதானே என்றார்கள். அந்தச் சொல் இன்னும் எனக்கு ஆறவில்லை. உங்கள் கடிதத்தில் ‘வீட்டுக் கதையை யார் படிப்பார்கள்’ என்று பார்த்ததும் அதே குரல் கேட்டது. அதனால் கொஞ்சம் கடுமையாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்னுரையை எடுத்துவிடுங்கள். திருத்த வேண்டாம், முழுவதுமாக எடுத்துவிடுங்கள். இயற்கை மூச்சுவிட்டதாம். ஊரடங்கின் முதல் வாரங்களில் வெனிஸ் நகரத்துக் கால்வாய்களுக்கு டால்பின்கள் திரும்பிவிட்டன என்று ஒரு காணொளி எல்லார் கைப்பேசிக்கும் வந்தது. அது எடுக்கப்பட்டது வெனிஸில் இல்லை, சார்டீனியாத் தீவின் துறைமுகத்தில். அந்தக் காணொளியை நம்பியவர்கள் எழுதவேண்டிய வாக்கியத்தை நீங்கள் ஏன் எழுத வேண்டும்? உங்கள் தெருக் குயில் 2019 சித்திரையிலும் கூவியது. அன்று தெருவில் லாரி ஓடியது, நீங்கள் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தீர்கள். குயில் மாறவில்லை, கேட்க உங்களுக்கு நேரம் கிடைத்தது. அதை அப்படியே எழுதுவதில் என்ன குறைவு? இன்னொன்று. அந்த மாதங்களில் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலைகளில் நடந்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலேயே ஒருவர் மூச்சுக்குத் திணறியிருக்கிறார். அவரை வைத்துக்கொண்டு அந்த வரியை எப்படி எழுத மனம் வந்தது?

அவருடைய பக்கங்களுக்கு வருகிறேன். பின்கட்டு அறையில் மாமனார் தனியாக. ஜன்னல் கம்பிக்கு வெளியே தொங்கும் பழைய கேபிள் வயரில் தேன்சிட்டு கூடு கட்டுகிறது. அவர் உள்ளேயிருந்து சொல்லச் சொல்ல நீங்கள் கதவுக்கு வெளியே நடையில் உட்கார்ந்து எழுதுகிறீர்கள். “மாமா சொன்னது: பெண்தான் கட்டுகிறது. ஆண் பக்கத்து வயரில் உட்கார்ந்து கத்துகிறது, அவ்வளவுதான்.” “மாமா சொன்னது: ஒட்டடையை இழுத்து இழுத்து ஒட்டுகிறது. வெளியே மரப்பட்டைத் தூளும் புழுவின் எச்சமும் ஒட்டி, பார்த்தால் குப்பை தொங்குகிற மாதிரி இருக்கிறது.” “மாமா சொன்னது: வாசலுக்கு மேலே சின்னத் தாழ்வாரம் இறக்கிவிட்டது. இன்று இருமல் அதிகம். ஆக்சிஜன் 93. கஞ்சி பாதிதான்.”

தாழ்வாரத்தோடு நிறுத்தி, மீதியில் கோடு. இந்தக் கோட்டை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை. கூடு கட்டுவது பெண்தான் என்பதைத் தீர்த்துச் சொல்ல ஒருவர் நாள் முழுக்க அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்க வேண்டும். அவர் ஏன் கிடந்தார் என்பது 93 என்ற எண்ணில் இருக்கிறது. யார், எங்கிருந்து, என்ன நிலையில் பார்த்தார் என்பதும் குறிப்பில் சேர்ந்ததுதான். அதை நீக்கினால் மிஞ்சுவது பறவைக் கையேடுகளில் எவரும் படிக்கக்கூடிய செய்தி. அவர் தேறி வந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் பெரிய நிம்மதி.

நீங்கள் நிறுத்தியதுதான் எனக்கு வருத்தம். சான்பிரான்சிஸ்கோவில் போக்குவரத்து அடங்கிய 2020 வசந்தத்தில், தலையில் வெள்ளைக் கோடுள்ள ஒரு சிட்டு வகை முன்பைவிட மெல்லிய குரலில் பாடியது, ஆனாலும் அதிக தூரம் கேட்டது என்று கண்டுபிடித்தார்கள். முந்தைய ஆண்டுகளில் அதே இடங்களில் அதன் பாட்டைப் பதிவுசெய்து வைத்திருந்ததால்தான் ஒப்பிட முடிந்தது. உங்களிடம் 2020இன் வேப்பம்பூ இருக்கிறது. 2021இன் பூ இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. பூ என்னவோ வருஷாவருஷம் பொறுக்கியிருப்பீர்கள். எழுதவில்லை. நோய் இருந்தால்தான் நோட்டா? இன்றைக்கே எடுங்கள். ஒரே மரத்தை வாராவாரம் பார்த்துப் பதிவதற்கு ‘சீசன்வாட்ச்’ என்ற திட்டம் இருக்கிறது, உங்கள் வேம்பை அதில் சேர்க்கலாம். பொங்கல் சமயத்தில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், மாமனாரை மாடியில் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள்.

புத்தகம் போடுங்கள், கோடுகளை அழித்துவிட்டு. அத்தையின் கோபத்தை அச்சிடுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மாமனாரிடமும் கேளுங்கள், உடம்பைப் பற்றியதெல்லாம் அவர் விருப்பம். அவர் சரி என்றால் அட்டையில் உங்கள் பெயரோடு அவர் பெயரையும் போடுங்கள். அந்த மே மாதத்துப் பக்கங்களை எழுதியது நீங்கள், பார்த்தது அவர்.

அன்புடன்.