வாசகர் கேள்வி – பதில்: பழைய ராணுவ லாரியின் முன் அச்சில் எண்ணெய்க் கசிவு

கேள்வி: ஐயா, எம்35ஏ2 வகையைச் சேர்ந்த பழைய அமெரிக்க ராணுவ லாரி ஒன்றைச் சீர்படுத்திப் பராமரித்து வருகிறேன். முன் சக்கரங்கள் இரண்டின் உட்புறமும் எண்ணெயில் நனைந்திருக்கிறது. சென்ற ஆண்டு இடது பக்க ஆக்ஸில் சீலை (அச்சுத் தண்டைச் சுற்றி எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் வளையத்தை) மாற்றினேன். சில மாதங்களிலேயே மறுபடியும் ஒழுகத் தொடங்கிவிட்டது. சீல் தரமற்றதா, நான் மாற்றிய முறையில் பிழையா?

பதில்: இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் கசிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பக்கம் மட்டும் கசிந்தால் அந்தப் பக்கத்துச் சீலையும் தண்டையும் முதலில் சந்தேகிக்கலாம். இரு பக்கமும் சேர்ந்து கசியும்போது, இரண்டுக்கும் பொதுவான காரணம் ஒன்று உள்ளிருந்து எண்ணெயைத் தள்ளுகிறதா என்று பார்த்த பிறகே சீலைக் கழற்ற வேண்டும். அந்தப் பொதுவான காரணம் பெரும்பாலும் பிரீதர் எனப்படும் மூச்சுவால்வுதான். வண்டி ஓடும்போது டிஃபரன்ஷியலில் (அச்சின் நடுவே இயக்கத்தை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியில்) உள்ள எண்ணெயும் காற்றும் சூடாகி விரிவடைகின்றன. அந்த அழுத்தம் வெளியேறுவதற்காக அச்சுக்கூட்டின் மேற்புறத்தில் வைத்த சிறிய வால்வு, பல ஆண்டுச் சேறும் பெயின்ட்டும் படிந்து அடைத்துக்கொண்டால், அழுத்தத்துக்கு எஞ்சியிருக்கும் ஒரே வழி சீலின் லிப் (தண்டை உரசி நிற்கும் விளிம்பு) வழியாக வெளியேறுவதுதான். எவ்வளவு நல்ல சீலும் இதைத் தாங்காது. வண்டிக்குப் பெயின்ட் அடித்தவர்கள் பிரீதரின் மேலும் சேர்த்து அடித்துவிட்டிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சோதிப்பது எளிது. கசிவது பிரேக் எண்ணெய் அல்ல என்று (அடுத்த பதிலில் உள்ளபடி) உறுதிசெய்த பிறகு, வண்டியைச் சற்றுத் தொலைவு ஓட்டி அச்சு சூடானதும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, எண்ணெய் ஊற்றும் பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். காற்று சீறிக்கொண்டு வந்தால் பிரீதர் அடைத்திருக்கிறது. அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுத்தம் செய்து, அதன் மூடி தடையின்றி அசைகிறதா என்று பார்க்க வேண்டும். அசையாவிட்டால் புதியதே போடுங்கள். அடைத்த பிரீதர் இன்னொரு தீங்கும் செய்யும். சூடான அச்சு ஓடை நீரில் இறங்கித் திடீரெனக் குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, அதே சீல் வழியாகத் தண்ணீர் உறிஞ்சப்படும். எண்ணெய் பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. அந்த எண்ணெயை முழுவதும் வடித்துவிட வேண்டும்.

எண்ணெய் அளவையும் இதே வேளையில் பாருங்கள். சமதளத்தில், அச்சு ஆறிய பிறகு, ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை எண்ணெய் நின்றால் போதும். சரிவில் நிறுத்திவிட்டு நிரப்பினால் அளவு மிஞ்சி, மிஞ்சியது அச்சுக் குழாய் வழியாகச் சீலை நோக்கிப் போய்விடும்.

கேள்வி: சக்கரத்துக்குள் இருப்பது டிஃபரன்ஷியல் எண்ணெய்தான் என்று எப்படி உறுதி செய்வது? பிரேக் எண்ணெயாகவும் இருக்கலாம் அல்லவா?

பதில்: மிக முக்கியமான கேள்வி. இந்த லாரியின் பிரேக், காற்று உதவியுடன் இயங்கும் ஒற்றைச் சுற்று ஹைட்ராலிக் அமைப்பு. எந்தச் சக்கரத்தில் கசிந்தாலும் எல்லாச் சக்கரங்களின் பிரேக்கும் ஒன்றாகப் போய்விடக்கூடும். ஆகவே கசிவு எதனுடையது என்று தெரியும்வரை வண்டியைச் சாலையில் இறக்க வேண்டாம்.

கியர் எண்ணெய் கெட்டியாக, கந்தகம் கலந்த காரமான நெடியுடன் இருக்கும். ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். பிரேக் எண்ணெய் தண்ணீர் போல நெகிழ்ந்திருக்கும். டாட் 3 எனப்படும் சாதாரண வகை பிரேக் எண்ணெயாக இருந்தால் அது பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்திருக்கும். அமெரிக்க ராணுவம் 1980களில் சிலிக்கோன் வகைக்கு மாறியதால், உங்கள் வண்டியில் ஊதா நிறமுள்ள டாட் 5 இருக்கவும் வாய்ப்புண்டு. அது பெயின்ட்டை உரிக்காது, விரலில் வழுக்கும். கறுத்துப்போன கிரீஸ் மட்டும் வடிந்திருந்தால் அது ஹப் (சக்கரத்தின் மையப் பகுதி) பேரிங்கிலிருந்தோ, ஸ்டியரிங் முழங்காலின் (சக்கரம் திரும்பும் மூட்டின்) உள்ளே இருக்கும் சிவி ஜாயின்ட்டிலிருந்தோ (சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைக் கடத்தும் இணைப்பிலிருந்தோ) வந்தது. இவை ஒன்றோடொன்று கலந்தும் வரும்: அச்சுக் குழாயின் முனையிலுள்ள உள்சீல் வழியே கடந்த கியர் எண்ணெய் முதலில் முழங்கால் அறைக்குள் புகுந்து, அங்குள்ள கிரீஸைக் கரைத்து, கிழிந்த ரப்பர் பூட் வழியாகக் கீழே சொட்டும், பூட் நன்றாக இருந்தால் ஸ்பிண்டில் (ஹப்பைத் தாங்கும் குழல்) வழியாக ஹப்புக்குப் போய், ஹப்பின் உள்சீலையும் தாண்டி பிரேக் டிரம்முக்குள் விழும். அதனால்தான் டிரம்முக்குள் எண்ணெயைக் கண்டவுடன் ஹப் சீலை மட்டும் மாற்றுகிறவர்கள் ஏமாறுகிறார்கள். கசிவின் கடைசி வாசலைத்தான் அவர்கள் அடைக்கிறார்கள்.

கேள்வி: பிரீதரைச் சரிசெய்த பிறகும் கசிந்தால், உள்சீலை எப்படி மாற்ற வேண்டும்? தனியாளாகச் செய்ய முடியுமா?

பதில்: முடியும், ஆனால் இரண்டாவது ஆள் ஒருவர் அருகில் இருக்கட்டும். சுமை ஏற்றாமலே ஐந்து டன்னைத் தாண்டும் வண்டி இது. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, அச்சின் அடியில் உறுதியான ஸ்டாண்டு நிறுத்தி, எடை முழுவதும் அதன்மேல் அமர்ந்த பிறகே சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஹைட்ராலிக் ஜாக்கை மட்டும் நம்பி அடியில் கை நீட்டாதீர்கள். இடது பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடது மரை (கடிகாரத் திசையில் திருகினால்தான் கழலும்) என்பதை மறந்து பலம் கொடுத்து இழுத்தால் போல்ட் முறியும்.

சக்கரம் கழன்றதும், தண்டின் இயக்கத்தை ஹப்புக்குக் கொடுக்கும் முன் தட்டையும், பேரிங் நட்டுகள் இரண்டையும், அவற்றின் இடையிலுள்ள பூட்டு வாஷரையும் எடுக்க வேண்டும். இந்த நட்டுகளுக்கு 3 அங்குல எண்கோணச் சாக்கெட் வேண்டும். உளியால் தட்டித் திருகும் பழக்கத்தை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். அப்படிச் சிதைந்த நட்டில் பேரிங்கைச் சரியாக அமைக்கவே முடியாது. ஹப்பும் டிரம்மும் சேர்ந்து மிகவும் கனமானவை, எனவே தூக்காமல், கிரீஸ் தடவிய தகட்டின்மேல் சறுக்கி எடுங்கள். பிறகு பிரேக் தாங்கும் தட்டை, ஹோஸ் கழற்றாமலே, கம்பியால் மேலே கட்டித் தொங்கவிட்டு (ஹோஸின் மேல் எடை விழக் கூடாது), ஸ்பிண்டிலை எடுத்தால் சிவி ஜாயின்ட்டுடன் தண்டு முழுவதும் வெளியே வரும். சீல் அச்சுக் குழாயின் முனையில் இறுக்கமாக அமர்ந்திருக்கும். சிலைடு ஹாமரால் (கம்பியில் சறுக்கும் எடையால் வெளியே இழுக்கும் கருவியால்) இழுத்தெடுங்கள்.

இங்கே சற்று நிதானிக்க வேண்டும், ஏனெனில் சென்ற ஆண்டு உங்கள் சீல் தோற்றதற்கான விடை பிரீதரில் இல்லாவிட்டால் இங்கேதான் கிடைக்கும். தண்டில் சீல் உரசும் இடத்தை நன்றாகத் துடைத்து நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புதுச் சீலின் லிப்பும் அதே பள்ளத்தில் விழுந்து, இறுக்கமின்றி எண்ணெயை விட்டுவிடும். பள்ளம் மேலோட்டமானதென்றால், மிக நுண்ணிய உப்புத்தாளால் தண்டைச் சுற்றியே மெருகேற்றலாம், நீளவாக்கில் தேய்க்கக் கூடாது. ஆழமானதென்றால் மெல்லிய எஃகு உறையை அதன்மேல் ஏற்றலாம், அல்லது சீலை ஓரிரு மில்லிமீட்டர் முன்னோ பின்னோ அமர்த்தி லிப் புதிய பரப்பில் உரசும்படி செய்யலாம், குழியில் அதற்கு இடமிருந்தால். தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து ஆடுகிறதா என்றும் பாருங்கள். தண்டு தளர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தால் லிப்பின் மேற்புறம் விலகி நிற்கும், எந்தச் சீலும் நிலைக்காது.

புதிய சீலை வைக்கும்போது, ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெய் இருக்கும் திசையை, அதாவது டிஃபரன்ஷியலை நோக்கி இருக்க வேண்டும். உலோக விளிம்பு முழுவதும் சமமாக அழுந்தும்படி தட்டையான வளையத்தால் தட்டி இறக்குங்கள். ஓரிடத்தில் மட்டும் அடித்தால் அது கோணலாகிவிடும். பழைய இருப்பிலிருந்து தோல் சீல் கிடைத்திருந்தால் போடுமுன் எண்ணெயில் ஊறவைப்பது அவசியம். தண்டை உள்ளே செலுத்துகையில் அதன் பற்கள் லிப்பைக் கீறிவிடுவதே அடிக்கடி நேரும் பிழை. லிப்பில் கிரீஸ் தடவி, தண்டின் எடை சீலின்மேல் தொங்காதபடி அடியில் ஒருவர் தாங்கிப் பிடிக்க நேராகச் செலுத்துங்கள்.

மூட்டும்போது முழங்கால் அறையில் கரைந்துபோன கிரீஸை முழுவதும் வழித்தெடுத்துப் புதியது நிரப்ப வேண்டும். பூட் கிழிந்திருந்தால், ஜிப் வைத்த பூட்டை எதையும் கழற்றாமலே மாட்டலாம். ஆனால் தண்டு வெளியே இருக்கும் இந்த நேரத்தில் முழு பூட்டையே போடுவது நல்லது. பேரிங்கின் இறுக்கத்துக்கு உங்கள் வண்டியின் பராமரிப்புக் கையேட்டைப் பின்பற்றுங்கள். கனரக வண்டிகளில் கையால் சரிசெய்யும் டேப்பர் ரோலர் பேரிங்குகளுக்குப் பொதுவாக 0.025 முதல் 0.127 மி.மீ. வரையிலான முன்பின் அசைவே ஏற்றது; அதைவிடத் தளர்ந்தால் ஹப் ஆடி, ஹப் சீலையும் கெடுத்துவிடும்.

கேள்வி: எண்ணெய் ஊறிய பிரேக் லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்துப் போடலாமா?

பதில்: கூடாது. மேற்பரப்பு காய்ந்தது போல் தோன்றினாலும், பிரேக் சூடானதும் உள்ளே ஊறிய எண்ணெய் மேலே வந்து, அந்தச் சக்கரம் மட்டும் பிடிக்காமல் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இரு பக்கமும் சேர்த்துப் புதியது போடுங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், டிரம்மில் உள்ள தூசியைக் காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுத்து உறையில் கட்டிவிட வேண்டும்.

கேள்வி: சீலை மாற்ற நேரமில்லாதபோது, கெட்டியான எண்ணெய் ஊற்றிக் கசிவைக் குறைக்கலாமா?

பதில்: கெட்டியான எண்ணெய் சொட்டுவதைச் சற்று மெதுவாக்கும். ஆனால் அடைத்த பிரீதரின் அழுத்தம் அதையும் தள்ளும், பள்ளம் விழுந்த தண்டு அதையும் விடும், டிரம்முக்குள் போய்ச் சேர்வதும் நிற்காது. நேரம் கிடைக்கும்வரை வண்டியை நிறுத்திவைத்து, பிரீதரை மட்டுமாவது இன்றே கழற்றிப் பாருங்கள். அதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது.