நூறு சதவீதம் பார்த்தும் மதிப்பெண் ஏறவில்லையே!

கேள்வி: நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. பல்கலைக்கழகத்தின் இணையவழிக் கற்றல் தளத்தில் எல்லா வீடியோப் பாடங்களையும் பார்த்துவிட்டேன். தளமும் நூறு சதவீதம் என்று காட்டுகிறது. பார்க்கும்போது நன்றாகப் புரிகிறது; தேர்வில் மட்டும் கை ஓடுவதில்லை. வீடியோப் பாடம் எனக்கு ஒத்துவரவில்லையா?

பதில்: வீடியோவின் மேல் பழி போடாதீர்கள். வீடியோ கடைசிவரை ஓடியது என்பதற்கு மேல் அந்த நூறு சதவீதத்துக்குப் பொருள் கிடையாது.

நானும் மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் பாடம் நடத்துகிறவன். யார், எப்போது, எதைத் திறந்தார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரியும். தேர்வுக்கு முந்தைய இரவு வீடியோக்கள் வரிசையாகத் திறக்கப்பட்டிருக்கும். அவற்றின் கீழேயே இருக்கும் பயிற்சி வினாக்களை ஒருவரும் சீந்தியிருக்க மாட்டார்கள், அவற்றுக்கு மதிப்பெண் இல்லை என்பதால். பார்க்கப் பார்க்க மனம் வேதனைப்படும். அந்தத் தளத்தில் உங்களைக் கரையேற்றக்கூடியவை அந்த வினாக்கள்தாம்.

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு சாரார் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு சாரார் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் பலமுறை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கோ 61. ‘எனக்கு நன்றாக நினைவிருக்கும்’ என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் யார் தெரியுமா? திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தாம். ‘பார்க்கும்போது புரிகிறது’ என்று நீங்கள் சொல்வதும் அதே நம்பிக்கைதான்.

கணக்கில் ஃபூரியர் தொடர் (Fourier series) பாடம் ஓடுகிறது என்று வையுங்கள். பேராசிரியர் கெழுவுக்கான (coefficient) தொகையீட்டை (integral) எழுதியதும் வீடியோவை நிறுத்துங்கள். எல்லைகளைப் போட்டு, மீதியைத் தாளில் நீங்களே செய்யுங்கள். குறி மாறிவிட்டதா, இரண்டாம் வரியிலேயே நின்றுவிட்டீர்களா? அந்த இடத்துக்கு மட்டும் திரும்பிப் போங்கள். வகுப்பில் நடத்தும் பாடத்தை இப்படிப் பின்னோக்கி ஓட்ட முடியாது. வீடியோவின் உண்மையான பலம் இது. பயிற்சி வினாக்களை அன்றே ஒருமுறையும், இரண்டு நாள் கழித்தும், அடுத்த வாரமும் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: வீடியோப் பாடங்களை இரட்டை வேகத்தில் பார்த்தால் மதிப்பெண் பாதிக்குமா?

பதில்: பெரிதாகப் பாதிக்காது. 2021-இல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டு மடங்கு வேகம் வரை புரிதல் அதிகம் குறையவில்லை. அதைத் தாண்டியபோதுதான் சரிந்தது. ஆனால் அங்கே காட்டியவை ரோமப் பேரரசு, சொத்து மதிப்பீடு பற்றிய உரைகள். கணக்குப் பாடங்களுக்கு அந்த முடிவை நான் நீட்ட மாட்டேன். உரைப் பாடங்களை வேகமாகவே பாருங்கள். மிச்சமாகும் நேரத்தைப் பயிற்சி வினாக்களுக்குக் கொடுங்கள்.