கனடாவுல ஸ்பௌசல் பிஆர் வர்ற வரைக்கும் வேலைய விடாம இருக்க முடியுமா?

நீங்க எழுதியிருக்கிறத வெச்சு சொல்றேன். வீட்டுக்காரருக்கு பிஆர், அதாவது கனடாவுல நிரந்தரமா தங்குற உரிமை இருக்கு, ரெண்டு பேரும் ஸ்கார்பரோல ஒண்ணா இருக்கீங்க, உங்களுக்கும் அது கிடைக்க கனடாவுக்குள்ள இருந்தே ஸ்பான்சர்ஷிப் போட்டாச்சு, அப்ளிகேஷன் கிடைச்சுதுன்னு குடிவரவுத் துறை (ஐஆர்சிசி) அனுப்புற ஏஓஆர் லெட்டர் இன்னும் வரல, இங்க படிச்சு முடிச்சவங்களுக்கு தர்ற வொர்க் பெர்மிட்டான பிஜிடபிள்யூபி ரெண்டு மாசத்துல முடியுது, டேகேர் வேலை போயிடுமோன்னு பயம். நானும் திருச்சில இருந்து படிக்க வந்து இங்கயே கல்யாணம் பண்ணி இதே மாதிரி காத்திருந்தவ தான், அதனால அந்த பயம் எனக்கு நல்லாவே தெரியும்.

பிஆர் அப்ளிகேஷன் ஒரு ஃபைல், இப்போ சட்டப்படி இங்க இருக்கிறதுக்கான உங்க ஸ்டேட்டஸ் இன்னொரு ஃபைல். முதல் ஃபைல் போட்டதால மட்டும் இங்க தங்கவோ வேலை பாக்கவோ உரிமை வந்துடாது. "அதான் ஸ்பான்சர் பண்ணியாச்சே, இனி யாரு கேக்கப்போறா"ன்னு சொந்தக்காரங்க நல்ல மனசோட சொல்வாங்க, அந்த பேச்சுக்கு ஒரு காரணமும் இருக்கு, 2005ல இருந்து உள்ள ஒரு கொள்கைப்படி ஸ்டேட்டஸ் காலாவதியானவங்களையும் உள்ள இருந்தே கணவனோ மனைவியோ ஸ்பான்சர் பண்ணலாம். ஆனா பிஆர் ஃபைல் நடந்துட்டு இருக்கிறது வேற, நீங்க நாளைக்கு வேலைக்குப் போறது வேற. ஸ்பௌசல் ஓபன் வொர்க் பெர்மிட் (எந்த முதலாளிகிட்டயும் வேலை பாக்க விடுற பெர்மிட்) வேணும்னா உங்ககிட்ட ஸ்டேட்டஸ் இருக்கணும், இல்லன்னா அத மீட்க ரெஸ்டொரேஷனாவது போட்டிருக்கணும்.

இப்போ உங்க விஷயம். பிஜிடபிள்யூபி முடியுறதுக்கு முன்னாடி ஏஓஆர் வந்துடுச்சுன்னா அன்னிக்கே ஆன்லைன்ல ஓபன் வொர்க் பெர்மிட் போட்டுடுங்க, ஏஓஆர் லெட்டர இணைச்சு, ஃபீஸ் 155 டாலரும் ஓபன் பெர்மிட்டுக்குன்னு தனியா 100 டாலரும், மொத்தம் 255. பழைய பெர்மிட் செல்லுபடியாகும்போதே போட்டதால, முடிவு வர்ற வரைக்கும் பழைய நிபந்தனைகளோடயே வேலை பாக்கலாம். இதுக்குத்தான் மெயின்டெய்ன்ட் ஸ்டேட்டஸ்னு பேரு, பழைய ஆளுங்க இம்ப்ளைட் ஸ்டேட்டஸ்னு சொல்வாங்க, ரெண்டும் ஒண்ணு தான். ஹெச்ஆர் கண்டிப்பா பேப்பர் கேப்பாங்க, அப்ளிகேஷன் சப்மிட் பண்ணின சான்றையும், நீங்க தொடர்ந்து வேலை பாக்கலாம்னு ஐஆர்சிசி அக்கவுன்ட்ல வர்ற லெட்டரையும் பிரின்ட் எடுத்து குடுங்க.

ஏஓஆர் வரலன்னா தான் கஷ்டம். அப்போ பெர்மிட் முடியுற தேதிக்கு முன்னாடியே, விசிட்டரா தங்க அனுமதி தர்ற விசிட்டர் ரெக்கார்டுக்கு போடுங்க, 100 டாலர், கடைசி நாள் வரைக்கும் இழுக்காம 30 நாள் முன்னாடியே போட்டுடுறது நல்லது. பிஆர் போட்டதுக்கான சான்றையும் சேத்து, எதுக்காக தங்குறீங்கன்னு ஒரு லெட்டர் எழுதி வைங்க. இது உங்கள சட்டப்படி இங்க தங்க வைக்கும், ஆனா வேலை பாக்க வைக்காது. பெர்மிட் முடிஞ்ச மறுநாள்ல இருந்து ஒரு ஷிஃப்ட் கூட போகக்கூடாது, கேஷா குடுக்கிறேன்னு யாராவது சொன்னாலும் வேண்டாம். அப்புறம் ஏஓஆர் வந்ததும் ஓபன் பெர்மிட் போட்டு, அது கைக்கு வந்த பிறகு தான் வேலை. அந்த இடைவெளி மாசக்கணக்குல போகலாம், வாடகைக்கு இப்பவே கொஞ்சம் ஒதுக்கி வைங்க, டேகேர்ல மேனேஜர்கிட்ட முன்கூட்டியே பேசி லீவ் மாதிரி தருவாங்களான்னு கேளுங்க. சிலர் "ஏஓஆர் இல்லாமலே ஓபன் பெர்மிட் போட்டுடு, முடிவு வர்ற வரைக்கும் வேலை பாக்கலாம்"னு சொல்லிக் குடுப்பாங்க. முழுமையா இல்லன்னு திருப்பி அனுப்பிட்டா உங்க கால் கீழ தரையே இருக்காது, நான் இத யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பிஆர் முடிவு வர்ற வரைக்கும் வேலை பாக்க விடுற பிரிட்ஜிங் பெர்மிட் போடலாமேன்னு கேட்டிருக்கீங்க, அது எக்ஸ்பிரஸ் என்ட்ரி மாதிரி, படிப்பு, வேலை அனுபவத்த வெச்சு எகனாமிக் கிளாஸ்ல பிஆர் போட்டவங்களுக்கு, ஸ்பௌசலுக்கு கிடையாது. நயாகராவுல அமெரிக்க பார்டர் போய் சுத்திட்டு வந்து கையோட பெர்மிட் வாங்கின காலமும் போச்சு, 2024 டிசம்பர் 23ஓட அத நிறுத்திட்டாங்க.

ஒருவேளை தேதி தவறிடுச்சுன்னா 90 நாளுக்குள்ள ரெஸ்டொரேஷன் போடலாம், ஆனா அது ஓகே ஆகுற வரைக்கும் வேலை கிடையாது.

ஊருக்குப் போறத பத்தி ஒண்ணு. மெயின்டெய்ன்ட் ஸ்டேட்டஸ்ல இருக்கும்போது வெளிய போனா, திரும்பி வந்தாலும் புது பெர்மிட் வர்ற வரைக்கும் வேலை பாக்க முடியாது. இந்திய பாஸ்போர்ட்டுக்கு திரும்ப உள்ள வர விசாவும் வேணும், வொர்க் பெர்மிட்ட காட்டி ஃபிளைட் ஏற முடியாது. உள்ள இருந்து போட்ட கேஸ்ல நீங்க திரும்பி வர முடியலன்னா பிஆர் ஃபைலே போயிடும், அது நிராகரிக்கப்பட்டா வெளியில இருந்து போட்டவங்களுக்கு இருக்கிற மாதிரி அப்பீல் போர்டுக்கும் போக முடியாது. எங்க சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு நான் போகல, இன்னமும் மனசு வலிக்குது, ஆனா போகாதது சரின்னு தான் இப்பவும் நினைக்கிறேன்.

பாஸ்போர்ட் தேதிய இன்னிக்கே பாருங்க, அது முடியுற நாளுக்கு மேல பெர்மிட் தரமாட்டாங்க. புது பெர்மிட் வந்ததும் 9ல ஆரம்பிக்கிற உங்க சின் நம்பரோட (வேலை, வரிக்கான அரசு எண்) தேதிய சர்வீஸ் கனடால மாத்தணும். நீங்க டேகேர்ங்கிறதால இன்னொண்ணு, மெடிக்கல் பரிசோதனை சரியா பதிவாகலன்னா குழந்தைகள் பராமரிப்பு வேலை பாக்கக்கூடாதுன்னு பெர்மிட்லயே ஒரு வரி போட்டுடுவாங்க, கைக்கு வந்ததும் அத படிச்சுட்டு தான் வேலைக்குப் போங்க.

கடைசியா, கேக்காததையும் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. பிஆர் கைக்கு வர்றதுக்கு முன்னாடி ஸ்பான்சர் நினைச்சா அப்ளிகேஷன வாபஸ் வாங்கலாம். பிஆர் வந்த பிறகு அப்படி மிரட்ட முடியாது, ரெண்டு வருஷம் சேந்து வாழணும்ங்கிற நிபந்தனைய 2017லயே எடுத்துட்டாங்க. உங்க வீட்டுக்காரர் நல்லவரா இருக்கட்டும், ஆனா உங்க வொர்க் பெர்மிட், விசிட்டர் ரெக்கார்ட் எல்லாம் உங்க ஈமெயில்ல, உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச பாஸ்வேர்டோட உங்க அக்கவுன்ட்ல இருக்கட்டும். ஏஜென்ட் மூலமா போட்டிருந்தா அவர்கிட்ட குடிவரவு ஆலோசகருக்கான ஆர்சிஐசி லைசென்ஸ் இருக்கான்னு, அத குடுக்கிற காலேஜ்ங்கிற அமைப்போட வெப்சைட்ல பாத்துட்டு, சப்மிட் பண்ணின ஒவ்வொரு ஃபார்மோட காப்பியும் இந்த வாரமே கேட்டு வாங்குங்க.