நுரை அடங்கின பிறகு என்ன பண்ணீங்க?

கேள்வி: ஒவ்வொரு மழைக்கும் பாலாத்துல நுரை பொங்கிட்டுப் போற வீடியோ வருது. நாங்களும் கொதிச்சுப் போய் ஷேர் பண்றோம், ஸ்டேட்டஸ் வைக்கிறோம், திட்டறோம். நாலு நாள்ல எல்லாரும் வேற விஷயத்துக்குப் போயிடறோம். எனக்கே இது வெறுப்பா இருக்கு. தனி ஆளா நான் என்னதான் பண்ண முடியும்?
– ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: தம்பி, முதல்ல ஒண்ணு கேக்கறேன். கடைசியா நீங்க ஷேர் பண்ணீங்களே ஒரு வீடியோ, அது எந்த எடத்துல எடுத்தது? மாராப்பட்டு பாலத்துகிட்டயா, வாணியம்பாடி பக்கமா? எந்தத் தேதி, காலைலயா ராத்திரியா? அது இந்த வருஷத்து வீடியோதானா? தெரியாதுன்னா கோச்சுக்காதீங்க, உங்க கூட ஷேர் பண்ண பாதிப் பேருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா நம்ம கோபம் ஏன் நாலு நாள்ல போயிடுதுன்னு கேட்டா காரணம் இங்கதான் இருக்கு, அதுக்குப் பிடிச்சு நிக்க ஒரு எடமும் இல்ல, தேதியும் இல்ல.

மழையில டேனரிக்காரங்க, அதாவது தோல் பதனிடற கம்பெனிக்காரங்க, கழிவத் ஆத்துல ஏன் திறந்து விடறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. கழிவுத் தண்ணிய முழுசா சுத்திகரிக்கறதுக்கு கரண்ட் செலவு, மெம்பரேன்ங்கற வடிகட்டிச் செலவு, கடைசில மிஞ்சற உப்பை எங்க கொண்டு போய் வைக்கறதுங்கற தலைவலி. எல்லா கம்பெனியும் அப்படின்னு நான் சொல்லல, ஒழுங்கா நடத்தறவங்களும் இருக்காங்க, ஆனா திருட்டுத்தனமா விடறவனுக்கு வெள்ளம் வர்ற ராத்திரி மாதிரி வசதி வேற கிடையாது, தண்ணி கலந்து ஓடிட்டா சாட்சியும் அதோட ஓடிடும். காலைல நாம பாக்கறது நுரைய. அது மத்தியானத்துக்குள்ள அடங்கிடும், நம்ம கோபமும் கிட்டத்தட்ட அதே நேரத்துக்கு அடங்கிடும். உப்பு மட்டும் அடங்காம கிணத்துக்குள்ள இறங்கி உக்காந்துக்கும். எங்க சித்தி ஊர்ல ஒரு கிணறு இருந்துச்சு, நாங்க சின்ன வயசுல குதிச்சு நீச்சல் அடிச்ச கிணறு, இப்ப அந்தத் தண்ணிய மாடுகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது. அந்தக் கிணறு செத்த நாள் எதுன்னு எங்க வீட்ல யாருக்கும் சொல்லத் தெரியாது, ஏன்னா ஒருத்தரும் எழுதி வைக்கல, நானும் எழுதி வைக்கல.

எழுதி வச்சவங்களும் நம்ம ஊர்ல இருந்தாங்க. 1991-ல வேலூர் குடிமக்கள் நல மன்றம்னு ஒரு அமைப்பு சுப்ரீம் கோர்ட்டுக்கே போச்சு. அவங்களுக்கும் நம்மள மாதிரியே கோபம்தான், ஆனா கோர்ட்டு கோபத்தக் கேக்காது, கணக்கத்தான் கேக்கும். தீர்ப்ப எடுத்துப் படிச்சுப் பாருங்க, திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டைன்னு மூணு கோட்டத்துல டேனரியால பாதிக்கப்பட்ட 59 கிராமத்தோட பட்டியல், அரசாங்கமே குடுத்தது, அதுல வருது. டேனரி இருக்கற பெல்ட்டுல கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் நிலம் பாதியோ முழுசோ பயிருக்கு லாயக்கில்லாமப் போச்சுன்னு வேளாண் பல்கலைக்கழகத்தோட வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த சர்வே வருது, ஒரு கிலோ தோல் பதனிட 35 லிட்டர் தண்ணின்னு வருது. இதையெல்லாம் வச்சுத்தான் 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பு சொல்லுச்சு, மாசு பண்ணவனே காசு கட்டணும், மண்ணையும் தண்ணியையும் பழையபடி ஆக்கற செலவையும் அவனே ஏத்துக்கணும்னு. டேனரிக்கு தலா 10,000 ரூபாய் அபராதம். இன்னிக்கி நாடு பூரா சட்டம் படிக்கற பசங்க படிக்கற கேஸு இது, பேரு நம்ம வேலூர் பேரு.

அப்புறம் ஆறு சுத்தமாயிடுச்சான்னா இல்ல, அதையும் மறைக்காமச் சொல்லணும். அதே விவகாரத்துல 2025 ஜனவரி 30-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடி ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டி வந்துச்சு, குழு போட்டுக் கண்காணிக்கணும்னு. 34 வருஷம். வழக்கு போட்ட வருஷம் பொறந்த குழந்தைக்கு இன்னிக்கி ஸ்கூல் போற பசங்க இருப்பாங்க. நடுவுல 2015 ஜனவரி கடைசில ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டைல கழிவுத் தொட்டிச் சுவர் இடிஞ்சு, ராத்திரி தூங்கிட்டு இருந்த 10 தொழிலாளிங்க செத்தாங்க, முக்கால்வாசிப் பேர் மேற்கு வங்கத்துல இருந்து பொழைக்க வந்தவங்க. அப்பவும் நாமெல்லாம் கொதிச்சோம். இத படிக்கறவங்கள்ல எத்தனை பேருக்கு அது இப்ப ஞாபகம் இருக்கு?

சரி, நீங்க என்ன பண்றது. ஒரே ஒரு எடத்த எடுத்துக்கோங்க. முழு பாலாறு வேணாம், உங்க தெருவுக்குப் பக்கத்துல இருக்கற ஒரு கிணறோ போரோ, ஒரு ஓடை ஆத்துல சேர்ற எடமோ, ஏதோ ஒண்ணு. தண்ணில கரைஞ்சிருக்கற உப்பு எவ்வளவுன்னு காட்டற டிடிஎஸ் மீட்டர்னு பேனா மாதிரி ஒண்ணு வரும், சில நூறு ரூபாய்தான். மாசா மாசம் ஒரே தேதில அளந்து நோட்டுல எழுதுங்க. குடிக்கற தண்ணிக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும்னு இந்தியத் தர அளவு சொல்லுது, வேற வழியே இல்லாத ஊருக்கு 2,000 வரைக்கும். மழை பேஞ்ச ராத்திரிக்கு மறுநாள் தனியா அளங்க. நாத்தம், நிறம், மணி எல்லாத்தையும் எழுதுங்க, போட்டோ எடுத்தா எடம் தெரியற மாதிரி எடுங்க. அந்த மீட்டர் தோல் பதனிடறதுல வர்ற குரோமியத்தக் காட்டாது, அதுக்கு லேப்லதான் குடுக்கணும், குடிநீர் வாரியத்தோட லேப்ல கட்டணம் கட்டினா சோதிச்சுத் தருவாங்க. ஆறு மாசம் ஆனப்புறம் கையில இருக்கறது புலம்பல் இல்ல, ஆதாரம்.

அத எடுத்துக்கிட்டு கிராம சபைக்குப் போங்க, நீங்க டவுன்ல இருந்தா பக்கத்துப் பஞ்சாயத்துல இருக்கற சொந்தக்காரங்கள போகச் சொல்லுங்க. இப்ப வருஷத்துக்கு ஆறு தடவை நடக்குது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 தண்ணிக்குன்னே வச்ச நாளு. பேசிட்டு வந்துடாதீங்க, தீர்மானமா நோட்டுல எழுத வைங்க, எழுதறவரைக்கும் எழுந்து வராதீங்க. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒரு மனு, போடுங்க, 10 ரூபாய்தான், 30 நாள்ல பதில் குடுத்தாகணும். ‘ஏன் நடவடிக்கை எடுக்கல’ன்னு கேட்டா வழுக்கிட்டுப் போயிடுவாங்க. ‘இந்தத் தேதில இந்த எடத்துல மாதிரி எடுத்தீங்களா, அறிக்கையோட நகல் குடுங்க’ன்னு கேளுங்க.

இதுல கஷ்டம் எதுன்னு எனக்குத் தெரியும். டெல்லில நடக்கற அநியாயத்துக்குக் கோபப்படறது சுலபம், அங்க நமக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. ஆம்பூர்ல அப்படியா? உங்க மாமா அந்த டேனரில சூப்பர்வைசரா இருப்பாரு, பக்கத்து வீட்டு அக்கா விடியக்காலம் வேன் ஏறி ஷூ கம்பெனிக்குப் போவாங்க, வீட்டு ஓனரே தோல் வியாபாரியா இருப்பாரு. அதனால தனியா கையெழுத்துப் போடாதீங்க, அஞ்சு பேரா போடுங்க, அதுல ஒருத்தராவது அங்க வேலை பாக்கறவரா இருக்கட்டும், ஏன்னா அந்தத் தண்ணிய குடிக்கறதும் அந்த ரசாயனத்துல கைய வச்சு நிக்கறதும் அவங்கதான். கம்பெனிய மூடுன்னு நீங்க கேக்கல, கழிவ சுத்திகரிச்சுட்டு விடுன்னு கேக்கறீங்க, இத அவங்ககிட்ட முதல்லயே சொல்லிடுங்க.

இன்னொண்ணு, இது உங்களுக்கு மட்டும் இல்ல, எங்களுக்கும் சேத்துத்தான். வேலூர்ல நிக்கல்சன் கால்வாயப் போய்ப் பாருங்க, அதுல ஓடறது டேனரித் தண்ணி இல்ல, நம்ம வீட்டுச் சாக்கடை, அதுவும் பாலாத்துலதான் போய்ச் சேருது. கோழிக்கடைக் கழிவு, குழந்தை டயப்பர், கல்யாண மண்டபத்து எச்சி இலை எல்லாம் ராத்திரில ஆத்தங்கரைல கொட்டறது யாரு? உங்க வீட்டுச் சாக்கடைக் குழாய்ல ஊத்தற தண்ணி எந்த ஓடைக்குப் போகுதுன்னு இந்த ஞாயித்துக்கிழமை பின்னாடியே நடந்து போய்ப் பாருங்க. நோட்டோட முதல் பக்கத்துல அத எழுதுங்க.

ரெண்டாவது பக்கத்துல இருந்து மாசா மாசம் வர்ற அளவ எங்களுக்கு அனுப்புங்க தம்பி, எடமும் தேதியும் போட்டு இதே பக்கத்துல வெளியிடறோம். எத்தனை மாசம் அனுப்பறீங்களோ அத்தனை மாசமும்.