புயல் வந்தால் கடல் ஏன் ஊருக்குள் ஏறுகிறது?

புயல் நெருங்கும்போது கடல் மட்டமே உயர்ந்து கரையேறுவதைப் புயல் எழுச்சி என்பார்கள். ஏறிய தண்ணீர் சில மணி நேரம்கூட நிற்கும், அதன் மேல்தான் அலையும் அடிக்கும்.

முக்கியக் காரணம் காற்று. முற்றத்தில் தேங்கிய தண்ணீரை விளக்குமாறால் விடாமல் சுவர்ப்பக்கம் தள்ளினால் சுவரோரம் மட்டம் ஏறுகிறதல்லவா, அதேதான். ஆழமான கடலில் தள்ளப்பட்ட நீர் அடிவழியாகத் திரும்பிவிடும். பாக் நீரிணை ஆழம் குறைந்தது, அங்கே அதற்கு வழி குறைவு. காற்றழுத்தம் குறைவதாலும் மட்டம் கொஞ்சம் உயரும்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்தது இந்தத் தண்ணீர்தான், பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலையும் அதுவே கொண்டுபோனது. 2019-ல் பஹாமாஸின் அபாகோ தீவில் டோரியன் சூறாவளி ஊர்களை மூழ்கடித்ததும் இப்படித்தான்.

பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்து ரயில் விட்டார்கள், ஆனால் தனுஷ்கோடி ஊர் திரும்பவில்லை. வீட்டைக் கட்டிவிடலாம், கிணற்றில் உப்பு இறங்கிவிட்டால் குடிக்க என்ன செய்வது? மணல் தீவில் நல்ல தண்ணீர் உப்புநீருக்கு மேல் மெல்லிய அடுக்காகத்தான் கிடக்கும், அது தேற நல்ல மழை பல பெய்ய வேண்டும். அதனால் வள்ளத்தையும் வலையையும் மேட்டில் ஏற்றும்போதே குடிநீரையும் குடங்களில் பிடித்து மூடி, கையோடு மேட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

அப்புறம், காற்று திடீரென்று ஓய்ந்தால் புயல் போய்விட்டது என்று பலர் கரைக்கு இறங்குகிறார்கள். அது புயலின் கண்ணாக, அதாவது அதன் நடுவிலுள்ள காற்று ஓய்ந்த பகுதியாக இருக்கலாம், சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று அடித்து, மறுபக்கக் கடல் ஏறும்.