உமிழ்நீர் பரிசோதனையில் 'ஆக்சிஜனேற்ற அழுத்தம் அதிகம்' என்று வந்தால் ஈறு நோய் என்று அர்த்தமா?

இருக்கலாம். ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்து யாராலும் சொல்ல முடியாது. எம்டிஏ, அதாவது மாலோன்டைஆல்டிஹைடு என்ற கொழுப்புச் சிதைவுப் பொருள், கூடியிருக்கிறதே, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாத்திரையை இப்போதைக்கு விடுங்கள். நான் பல் டாக்டர் இல்லை. உயிர்வேதியியல் முதுநிலை படிக்கும்போது ஆய்வுக்காக இதே பரிசோதனையை மாதக்கணக்கில் செய்தவன். அதனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன்.

பல்லும் ஈறும் சேரும் இடுக்கில் கிருமிப் படலம் தங்கிவிட்டால், நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் அங்கே வந்து குவியும். அவை ஆக்சிஜனைச் சூப்பராக்சைடாக மாற்றி, அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றால் கிருமிகளைத் தாக்கும். அடி கிருமிக்கு மட்டும் விழுவதில்லை, பக்கத்தில் இருக்கும் நம் செல்களுக்கும் விழும். இதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள். செல் சவ்வின் கொழுப்பு சிதைந்தால் எம்டிஏ, டிஎன்ஏ சிதைந்தால் 8-ஹைட்ராக்ஸிடீஆக்ஸிகுவானோசின், புரதம் சிதைந்தால் கார்போனில்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மிச்சம் உண்டாகும். ஈறு இடுக்கில் கசியும் திரவத்தோடு இதெல்லாம் எச்சிலில் வந்து சேரும். ஈறு நோய் முற்றியவர்களிடம் இவை கூடுதலாக இருப்பதையும், பற்காரையை எடுத்து வேர்ப்பகுதியைச் சுத்தம் செய்தபின் இறங்குவதையும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக, தொடர்பு உண்மைதான்.

சிக்கல் அளவிடுவதில். நாங்கள் செய்த முறையில் எச்சிலோடு தயோபார்பிட்யூரிக் அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்குவோம். எம்டிஏ இருந்தால் குழாயில் இளஞ்சிவப்பு நிறம் வரும். 532 நானோமீட்டர் ஒளியை அது எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்தால் எண் கிடைத்துவிடும். மலிவான முறை, பார்க்கவும் அழகு. ஆனால் வேறு ஆல்டிஹைடுகளும் சில சர்க்கரைகளும்கூட இந்த அமிலத்தோடு சேர்ந்து நிறம் தரும்.

பழகுவதற்காக என் எச்சிலையே முதலில் சோதித்தேன். தலையைக் குனிந்து தானாக வழியவிட்டு ஒரு குழாய், பாரஃபின் மெழுகை மென்று சுரக்கவைத்து இன்னொரு குழாய். இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரம்கூட இல்லை, எண்கள் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. மெல்லும்போது எச்சில் வேகமாகச் சுரந்து நீர்த்துப்போகும். அப்புறம் ஒருநாள், எச்சில் கொடுக்க வந்தவர் அப்போதுதான் அழுத்திப் பல் தேய்த்துவிட்டு வந்திருந்தார். எச்சிலில் மெல்லிய ரத்தக் கோடு. அதை அப்படியே ஓரமாக வைத்துவிட்டோம். ரத்தத்தில் உள்ள இரும்பே ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும், கணக்கு கெட்டுவிடும். புகைபிடிப்பதும், கட்டுப்படாத சர்க்கரை நோயும்கூட எண்ணை ஏற்றக்கூடியவை.

ரிப்போர்ட்டில் 'மொத்த ஆன்டிஆக்சிடன்ட் திறன்' என்று ஒரு வரி இருந்தால் அதைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். எச்சிலின் அந்தத் திறனில் பெரும்பங்கு யூரிக் அமிலத்துடையது. ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடினால் எச்சிலிலும் கூடும். அப்போது அந்த எண் ஜோராக இருக்கும், ஈறு மட்டும் வீங்கியே இருக்கும். சொத்தைப் பல் விஷயத்தில் நிலைமை இன்னும் குழப்பம். சில ஆய்வுகளில் சொத்தை உள்ள குழந்தைகளுக்கே இந்தத் திறன் அதிகமாக வந்திருக்கிறது.

சரி, என்ன செய்வது? பல் டாக்டரிடம் போய் ஈறு இடுக்கின் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் இறக்கிப் பார்ப்பார். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருந்து ரத்தமும் வராவிட்டால் பொதுவாகக் கவலை இல்லை. 4 அல்லது அதற்கு மேல் போனால் எந்தப் பல், எந்தப் பக்கம் என்பது வரை தெரிந்துவிடும். எச்சில் எண்ணுக்கு அது தெரியாது. வாயில் உள்ள எல்லாம் ஒரே குழாயில் கலந்துதானே வருகிறது! மாத்திரையை விடச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. படலமும் பற்காரையும் அங்கேயே இருந்தால் வெள்ளை அணுக்கள் வந்துகொண்டேதான் இருக்கும்.

சிகிச்சைக்குப் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க ஆசையாக இருந்தால், முதல் தடவை கொடுத்த அதே நேரத்தில், அதே முறையில் எச்சில் கொடுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே சாப்பிடவோ பல் தேய்க்கவோ வேண்டாம். குழாயை உடனே பனிக்கட்டியில் வைக்கிறார்களா என்றும் ஒரு கண் பாருங்கள். நான் ஒருமுறை மறந்து மேஜையிலேயே விட்டுவிட்டு, பன்னிரண்டு பேருடைய எச்சிலைத் திரும்ப வாங்க வேண்டியதாகிவிட்டது.