காட்டுக்குள் கஞ்சா, காளான்: ஓய்வுபெற்ற வனவர் பதில்கள்

கேள்வி: சார், கொடைக்கானலில் காட்டுக்குள் டென்ட் போட்டுக் கஞ்சா புகைத்தால் கேஸ் போடுவது போலீஸா, ஃபாரஸ்டா?

பதில்: இரண்டு தரப்பும்தான். அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் கால் வைத்ததுமே 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். 2013இல் சரணாலயமும் அறிவித்துவிட்டதால், அந்த எல்லைக்குள் வனவிலங்குச் சட்டமும் சேரும். கஞ்சாவுக்கு 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம். அதைப் போலீஸ் பார்க்கும். ஒரு கிலோ வரை வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது பத்தாண்டு.

ஆனால் எனக்குப் பெரிய பயம் நெருப்புதான். மாசி, பங்குனியில் காய்ந்த புல்லில் அணைக்காத ஒரு பீடித்துண்டு போதும். விடியும்போது மலைச்சரிவே கருகிக் கிடக்கும்.

கேள்வி: அண்ணா, போதைக் காளான் தானாக முளைப்பதுதானே? அதற்கும் கேஸா?

பதில்: ஆமாம் தம்பி. அதிலுள்ள சைலோசைபின் என்ற போதை தரும் வேதிப்பொருள் தடைப் பட்டியலில் இருக்கிறது. 2025 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் ஒரு ஜாமீன் வழக்கில், காளானின் மொத்த எடையைக் கணக்கில் எடுக்கக் கூடாது, உள்ளே இருக்கும் சைலோசைபினின் அளவைத்தான் பார்க்க வேண்டும் என்றது. 'அப்போ காளான் லீகல்' என்று யாராவது சொன்னால் நம்பாதே. அப்புறம், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் விஷக் காளான்களும் உண்டு. கல்லீரலே போய்விடும்.

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் ஓடைக்கு மேலே கஞ்சாச் செடி பார்த்தேன். சொன்னால் எனக்குச் சிக்கல் வருமா?

பதில்: போதைப்பொருள் புகாருக்கான உதவி எண்கள் 10581 அல்லது 1933க்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நீங்களே போய்ப் பிடுங்காதீர்கள், காவலுக்கு ஆள் இருக்கலாம். நாங்கள் ஒருமுறை செடியைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. ஓடையிலிருந்து புதருக்குள் போன கறுப்பு ஹோஸைப் பிடித்துக்கொண்டே போனோம். தோட்டம் அங்கே இருந்தது. அரசு ஊழியருக்குத் தெரிந்தால் உடனே தகவல் சொல்வது கடமை. மறைத்தால் அவருக்கே தண்டனை.

கேள்வி: சார், என் மகன் கஞ்சா பிடித்து மாட்டிக்கொண்டான். விற்கவில்லை. வாழ்க்கையே போயிற்றா?

பதில்: இல்லைம்மா. விற்றவனையும் இவனையும் ஒரே தட்டில் வைப்பது தவறு என்றுதான் பணியில் இருந்தபோதும் சொல்லி வந்தேன். வழக்கறிஞரிடம் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவைப் பற்றிக் கேளுங்கள். போதைக்கு அடிமையான ஒருவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கி, தானே முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால், வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. போதை மீட்பு உதவி எண் 14446க்குப் பேசி இன்றே விசாரியுங்கள். பாதியில் நிறுத்த மட்டும் விடாதீர்கள், அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.